விசிலைத் திருப்பிக் கேட்டவர்

மார்ச் 2

ஊர் வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்திலேயே என் முகம் எதிர்கொண்டது. பிளக்ஸில், என்னைவிட வெள்ளையாக. கீழே, 'ஆலைத் தொழிலாளியின் கண்ணீரை எழுத்தாக்கிய எங்கள் மண்ணின் மைந்தனே!' என் நாவலில் யாரும் அழுவதில்லை. யாரும் அழாதபடி கவனமாகப் பார்த்துக்கொண்டு எழுதினேன்.

பிளக்ஸின் காலடியில் ஒருவர் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் நேர்மையான வாசகர் என்று தோன்றியது. இப்படி எழுதுகிறவன்மேலும் எரிச்சல் வருகிறது.

கல்லூரியில் ஒன்றரை மாத விடுப்பு. அடுத்த நாவலை இங்கே உட்கார்ந்து எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 3

மில் தொழிற்சங்கக் கட்டடத்தில் பாராட்டு விழா. செயலாளர் ஆவுடையப்பன் சால்வை போர்த்தினார். அதில் வேறு யாருடைய வியர்வையோ இருந்தது, கொஞ்சம் கற்பூரமும். மேடையிலிருந்து இறங்கியதும் ஒருவர் வந்து அதை மடித்து வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வேறொரு விழா இருக்கிறதாம்.

ஆவுடையப்பன் பேசினார். "நம்ம ஸ்டிரைக்கு யாரால தோத்துதுன்னு நமக்கே தெரியாம இருந்துது. மில்லு ஓடுத சத்தம் கேட்டு, போச்சுடா எல்லாம்னு உள்ள போனோம். உள்ள போய்ப் பாத்தா நூலே இல்ல. எவனோ ஒருத்தன் பஞ்சு போடாம, நூல் நூக்குத ஃபிரேம வெறுமன ஓட்டிச் சத்தம் காட்டியிருக்கான். எவன்னு இத்தன வருசமா தெரியல. தம்பி கண்டுபிடிச்சு எழுதிட்டாரு!"

கைதட்டல். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல எழுந்தேன். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். "மில்லுக்காரங்க எல்லாரும் சத்தம் போட்டுத்தான் பேசுவாங்க, மெஷின் சத்தத்துல காது மரத்துப்போகும். வேலைநிறுத்தத்துல மெஷின் நின்னதும் எல்லா வீட்டுலயும் குரல் தணிஞ்சுது, ஒரு வீட்டுல மட்டும் தணியலன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படித் தோணுச்சு?"

சென்னையிலும் இதையே கேட்டார்கள். அங்கே சொன்ன பதிலையே சொன்னேன். எங்கிருந்து வந்ததென்று எழுதுகிறவனுக்குத் தெரியாது.

அப்பா முதல் வரிசையில் இருந்தார். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு தட்டினார்.

மார்ச் 4

சங்கத்தின் படிப்பறையில் என் புத்தகம். முனை மடங்கி, எண்ணெய்க் கறையோடு. உண்மையாகவே படித்திருக்கிறார்கள் என்ற சின்ன மகிழ்ச்சி. திறந்தால், ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவில் ஊர்க்காரர் பெயர். வெவ்வேறு கையெழுத்துகள். சில இடங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்துத் திருத்தியிருந்தார், விடைத்தாள் போல.

கதையின் நாயகன் மாசானம் பக்கத்தில் 'கோமதிநாயகம்'. என் அப்பா.

வெறும் ஃபிரேமை ஓட்டிய சங்கிலி பக்கத்தில் 'தளவாய்'. அதை மட்டும் யாரும் அடிக்கவில்லை.

இரண்டு பட்டங்கள் வாங்கி, படைப்பு வேறு ஆள் வேறு என்று வகுப்பெடுக்கிறேன். பிறந்த ஊரில் என் நாவல் ரேஷன் கார்டாக இருக்கிறது.

மார்ச் 5

இட்லி. வெயில். ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 9

தளவாய் வந்தார். அடுத்த தெருக்காரர், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர். சிறு வயதிலிருந்தே எனக்குச் சித்தப்பா. இப்போது நெஞ்சில் மில் பஞ்சு அடைத்த நோய். வாசல்படி ஏறியதற்கே நின்று மூச்சு வாங்கினார். இருமி, கைக்குட்டையில் துப்பி, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்வையைத் திருப்பினேன்.

அப்பா அவரைக் கண்டதும் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். வீட்டில் காய்கறி இருந்தது.

"ஏ தாணு, எம் மவ செண்பகம் படிச்சுச் சொன்னா ஓங் கதைய. நல்லாத்தான் இருக்கு."

"இருங்க சித்தப்பா. காப்பி போடச் சொல்லுதேன்."

"காப்பி கெடக்கட்டும். அந்தச் சங்கிலிப்பய சோறு திங்க முன்ன காக்காவுக்கு ஒரு உருண்டை வைக்கான். மெஷினு சத்தத்துல பேச்சு கேக்காதுன்னு விசில் அடிச்சு ஆளைக் கூப்பிடுதான். அது நான்லா?"

"அதெல்லாம் பலபேர்ட்ட இருந்து எடுத்தது..."

"மில்லுல விசிலடிச்சது நான் ஒருத்தந்தாம்ல." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். "நாலாம் லைன்ல நின்னு அடிச்சா கடேசி லைன்ல இருக்கவன் திரும்பிப் பாப்பான். சரி, அது போட்டும். ரெண்டாம் தடவை அச்சடிக்காங்களாம்லா?"

"ஆமா."

"அதுல எங் காக்காவையும் விசிலையும் எடுத்துரு. அவ்வளவுதான். அவனுக்கு வேற எதையாவது குடு. பொடி போடுதான்னு வை, காது குடையுதான்னு வை. ஓட்டுனது ஓட்டுனதாவே இருக்கட்டும். நான் மட்டும் வெளிய வந்துருதேன்."

ஒரு மனிதர் தன் விசிலைத் திருப்பிக் கேட்கிறார். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

சங்கிலி ஆளில்லாத ஷெட்டில் வெறும் ஃபிரேம்களுக்கு நடுவே நின்று பழக்கதோஷத்தில் விசிலடிக்கும் இடம்தான் நாவலின் உயிர் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அந்த விசிலை எடுத்தால் பாத்திரம் செத்துவிடும் என்றேன்.

"அவன் செத்தா என்னல? நான்லா சாவப் போறேன்." இருமினார். "நான் போனா சங்கத்துக் கொடி போடமாட்டானுவ. ஆவுடையப்பன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான்."

மில்லில் வேலை பார்த்த எவர் இறந்தாலும் சங்கம் உடல்மீது கொடி போர்த்தும். பாடை மில் வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். சுடுகாட்டில் கொடியை எடுத்து, வீட்டார் துவைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். இத்தனை வருடம் நூல் நூற்றதற்கு இந்த ஊர் தரும் ஒரே மரியாதை அந்தத் துணிதான்.

"நான் யார்ட்டயும் எதும் சொல்லல தாணு," என்றார் எழுந்துகொண்டே. "யாரு ஓட்டுனான்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். சொன்னனா? சொல்லமாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம். எஞ் சாமான எனக்குக் குடுத்துரு, போதும்."

நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 10

பதிப்பாளர் தொலைபேசினார். திருத்தங்கள் இருந்தால் மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும்.

சங்கிலி விசிலடிக்கும் பக்கத்தை எடுத்தேன். விசிலை நீக்கிவிட்டுப் படித்தேன். ஒரு மனிதன் சும்மா நின்றுகொண்டிருந்தான். காது குடைந்தான். தாங்க முடியவில்லை. பழையபடி வைத்தேன்.

அந்தப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. இதை இங்கேயாவது சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 14

தபால் நிலையம் போய்விட்டு மில் முக்கில் டீ குடித்தேன். தளவாய் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஏற்கனவே உட்கார்ந்திருந்த இருவர் டம்ளரோடு எழுந்து வெயிலில் போய் நின்றுகொண்டார்கள். கோபமாக இல்லை. பழகிப்போன ஒரு வேலையைச் செய்வது போல.

ஒருவன் வெயிலில் நின்றபடியே, "என்ன வே, மெஷின் ஓடுதா?" என்றான். மற்றவன் டீயைத் துப்பிச் சிரித்தான்.

தளவாய் பன்னைப் பிய்த்துக் காகத்துக்குப் போடக் கையை ஓங்கினார். சுற்றிலும் பார்த்தார். அதைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்கள்மீதுதான் என்று இரவு உணவுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17

அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். "அவரு கேட்டத மாத்திப் போட்டா என்னடே குறைஞ்சிரும்?"

"ஒனக்குப் புரியாதும்மா. அது ஒருத்தரப் பத்தின கதை இல்ல."

"பின்ன யாரப் பத்தின கதை?"

கறிவேப்பிலையை உருவிக் கொடுத்தேன்.

"ஸ்டிரைக்கு நடந்தது நீ மெட்ராசுக்கு எம்.ஏ. சேரப் போன வருசம்லா," என்றாள். "ஒங்கப்பா ஒன்ன ரயிலேத்திட்டு வந்து ரெண்டு நாளா சாப்பிடல."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ரசத்துக்கு உப்பு பாரு."

உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 21

அப்பா ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆகியும் சத்தமாகத்தான் பேசுவார். நான் வந்த நாளிலிருந்து மெதுவாகப் பேசுகிறார். பக்கத்து அறையில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரிவதில்லை. வேவு பார்க்கப்படும் வீட்டில் இருப்பது போல ஒரு அசிங்கம். வேவு பார்ப்பவன் நான்.

மார்ச் 28

மெய்ப்பை அனுப்பிவிட்டேன். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

ஏப்ரல் 6

தளவாய் காலையில் இறந்துவிட்டார். அம்மா வந்து சொன்னபோது பல் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கி முடித்தேன்.

ஏப்ரல் 7

நேற்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அழகுபடுத்தாமல்.

தெருவில் பந்தல். சங்கு ஊதுகிறவர் குடித்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மில் ஆட்கள். துக்கத்துக்கு வந்திருந்தார்கள், அதில் குறை வைக்கவில்லை. கொடி மட்டும் வரவில்லை. மாலை நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. தளவாயின் மகள் செண்பகம் தெருமுனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீர்மாலைக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து, குளிப்பாட்டி, பாடையில் வைத்தார்கள். அப்பா ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றார்.

"ஆவுடையப்பா, கொடியக் கொண்டாரச் சொல்லு."

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா? ஆளுக ஒத்துக்கிட மாட்டாங்க."

"எதுக்கு ஒத்துக்கிட மாட்டாங்க?"

"செத்தவன் காதுல விழ அத நான் சொல்லணுமாக்கும்?"

"வெறும் ஃபிரேம ஓட்டுனது அவன் இல்ல. நான்."

அப்பாவின் பழைய குரல். தெருவின் கடைசிவரை கேட்டது. சங்கு நின்றது.

"நான்தாம்ல ஓட்டுனேன்," என்றார் மறுபடியும். "பஞ்சுக் குடோன் வாசல் வழியா மேனேஜர் கூட்டிட்டுப் போனான். நாலு நாளு ஓட்டுனேன். இவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, சுமை இறங்கியது போலவும் இருந்தது.

ஆவுடையப்பன் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அண்ணாச்சி, உங்க மனசு எவனுக்கும் வராது. கூட்டாளி போற நேரத்துல அவம் பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுதிய. உங்க மவன் ஒங்களச் சும்மாவா மாசானமா எழுதியிருக்காரு?"

"ஏல, நான் சொல்லுதேன்லா!"

"சொல்லுவிய, சொல்லுவிய. நாங்க படிக்காமலா இருக்கோம்?"

கூட்டத்தில் ஒரு பெண் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

யாரோ, "தம்பியும் இங்கதான இருக்காரு, எழுதினவரு. அவரே சொல்லட்டும்," என்றார். எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும். செண்பகமும்.

சொல்ல வேண்டியது இரண்டு சொற்கள். எங்க அப்பாதான்.

"அது ஒரு கற்பனைப் பாத்திரம்," என்றேன். "குறிப்பிட்ட யாரையும் மனசுல வச்சு எழுதல."

சென்னையில் ஒலிவாங்கி முன்னால் பேசும் அதே குரல். ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று வாதாட முடியும். அதுதான் அதில் மிகவும் அழுகிய பகுதி.

ஆவுடையப்பன் தலையசைத்தார். "தம்பி நாசூக்கா சொல்லுதாரு. செத்த வீட்டுல வேற எப்படிச் சொல்ல முடியும்?"

கொடி இல்லாமல் தூக்கினார்கள். அப்பா வலது முன்பக்கம் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை, பாராட்டாகப் பார்த்தார்கள். மில் வாசல் வந்தது. கொடி இல்லாத பாடைக்கு அங்கே நிற்க வேண்டிய தேவையில்லை என்று மற்ற மூவரும் நடந்தார்கள். அப்பா நின்றார். ஒரு தோள் நின்றால் பாடை நிற்கத்தான் வேண்டும். சரிந்தது. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். "அண்ணாச்சி, நடங்க," என்றார்கள். அப்பா நடக்கவில்லை. கடைசியில் வேறொருவர் பக்குவமாக அவர் தோளிலிருந்து கம்பை வாங்கிக்கொள்ள, பாடை போனது. அப்பா வாசலிலேயே நின்றார்.

'ஒரு தோள் நின்றால் பாடை நிற்கத்தான் வேண்டும்.' நல்ல வாக்கியம். எழுதியதும் எனக்கே நல்ல வாக்கியம் என்று தெரிந்தது. போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8

அப்பா என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

ஏப்ரல் 10

டீக்கடையில் அப்பாவின் தியாகத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், எதையோ கசப்பாகக் குடித்தது போல.

ஏப்ரல் 12

செண்பகம் வந்தாள். உட்காரவில்லை.

"தாணுண்ணே, ஒங்க புக்க எங்கப்பாவுக்கு நாந்தான் படிச்சுக் காட்டினேன். விசில் வந்ததும் சிரிச்சாரு. 'ஏட்டி, என்னப் போட்டிருக்காம்ட்டி பய'ன்னு. அடுத்த பக்கம் படிக்கிறதுக்குள்ள நான் நிறுத்தியிருக்கணும்."

"செண்பகம், நான் ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன். ஒரு பத்திரிகைல. எல்லாத்தையும் விளக்கமா..."

"எழுதாதீங்கண்ணே." கையெடுத்துக் கும்பிட்டாள். கேலியா என்று பார்த்தேன். கேலி இல்லை. "எழுத்து போதும். மில் முக்குல போய் நின்னு வாயால சொல்லுங்க. ஷிஃப்ட் விடுத நேரத்துல."

"கொடி போட்டு எடுக்கவேண்டிய நேரம் போயிருச்சே."

"கொடிக்கு இல்ல. நான் அந்த வழியாத்தான் தெனமும் வேலைக்குப் போறேன்."

ஏப்ரல் 13

போனேன். மில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், தலையெல்லாம் பஞ்சு. ஆவுடையப்பன் பெஞ்சில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு ஃபிரேம ஓட்டினது எங்க அப்பாதான்," என்றேன். "எனக்குத் தெரியும். ஸ்டிரைக் சமயத்துல வீட்டுல அவர் குரல் தணியவே இல்ல. அத வச்சுத்தான் எழுதினேன். தளவாய் சித்தப்பாவோட பழக்கங்கள சங்கிலிக்குக் குடுத்தேன். அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் கடைக்காரரிடம் எனக்கு ஒரு டீ சொன்னார்.

"அப்பாவும் மவனும் பேசி முடிவெடுத்துட்டிய போல," என்றார் ஆவுடையப்பன்.

"இல்ல அண்ணாச்சி. நிஜம்."

"அப்ப புக்குல இருக்கது பொய்யா?"

"பொய் இல்ல. கதை."

"செத்த வீட்டுல அத்தன பேரு முன்னால யாரும் இல்லன்னீங்களே, அது?"

"அது..."

"அதுவும் கதையாக்கும்." யாரோ சிரித்தார்கள். "தம்பி, மூணு மாதிரி சொல்லுதிய. இதுல எத நம்ப? நாங்க புக்குல இருக்கத வச்சுக்கிடுதோம். அது ஒரே மாதிரி இருக்கு."

ஒரு இளவயதுக்காரர் பின்னாலிருந்து, "அடுத்த பாகம் எழுதுதாரு வே, அதான் நம்மட்ட சொல்லிப் பாக்காரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. எனக்கு டீ வந்தது. ஏடு படிந்திருந்தது. குடித்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதாகப் பதிப்பாளரின் வாழ்த்துச் செய்தி.

ஏப்ரல் 15

பிற்பகல். அப்பா பின்கட்டில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாளை நான் சென்னை கிளம்ப வேண்டும். போய் நின்றேன்.

"மில் முக்குல போய்ச் சொன்னியாம்லா," என்றார். அன்றைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் சொல்.

"சொன்னேம்ப்பா."

"என்ன சொன்னானுவ?"

"நம்பல."

பெடலைச் சுற்றினார். செயின் ஓடியது. "நேத்து ஆவுடையப்பன் வந்தான். சங்கத்துல எம் படத்த மாட்டப் போறானுவளாம். வேண்டாம்னேன். அதுக்கும் பெரிய மனசுங்கான்." எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்தார். "ஒன்ன மெட்ராசுக்கு அனுப்பத்தான் போனேன்னு நான் யார்ட்டயும் சொல்லல. ஒங்கிட்டயும் சொல்லமாட்டேன். போனேன், அவ்வளவுதான். நீ எழுதினதும் எனக்குக் கோவம் இல்ல. எம் பேரப் போட்டு எழுதியிருந்தாக்கூடக் கோவம் இல்ல. எதுக்குல அவன் விசில எடுத்த?"

'நன்றாக இருந்தது' என்பதுதான் பதில். எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தேன்.

"நான் செத்தா மொத ஆளா கொடியத் தூக்கிட்டு வருவானுவ," என்றார். "நீ வாசல்லயே மறிக்கணும்."

"அப்பா..."

"எழுதி வைக்காத. எழுதினா அத வேற மாதிரி படிப்பானுவ. ஆளுக முன்னால நின்னு சொல்லணும். எங்கப்பனுக்குக் கொடி வேண்டாம், அவருதான் ஓட்டுனாருன்னு. நம்பாட்டாலும் போவுது, கொடிய எம் மேல விடக்கூடாது. செய்வியா?"

தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத. இப்பச் சொல்லு. நான் கேக்கேன்."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பனுக்கு," என்றேன்.

"கேக்கல," என்றார் அப்பா.